சின்ன டி

காற்று கம்பத்தைச் சாய்த்தபோது மணி இரண்டேகால்.
ஈசாஃபியோர்துரில் விளக்குகள் எரிந்தன,
இணையம் போய்விட்டது.
ஸ்டெய்ன்வோர் போனைத் தூக்கிப் பிடித்து
ஜன்னலோரம் ஒருமுறை நடந்தாள்,
பிறகு மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

மலைச்சரிவில் நட்டிருக்கும் பனியளவி புதிது.
நிலைப்பதிப்பு அதை அறியாது.
முந்தாநாள் இரவு தொகுத்த
வளர்நிலைப் பதிப்புக்கு மட்டும் தெரியும்,
அதுவும் எதிர்வீட்டுக்காரரைத் தெரிவதுபோல:
முகம் தெரியும்,
பெயர் கேட்டால் யோசிக்கும்.

சுவரில் ஒரு தாள்.
போன வருஷம் ஹாஃப்லிடி அச்செடுத்து
பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டியது.
நிலைப்பதிப்பின் ஆவணம்.
எழுத்து தெளிவு, ஓரம் நேர்,
காப்பிக்கறைகூட உறைக்கு மேலேதான்.
‘சின்ன டி: ஆழத்தைக் காட்டும்.’

சரிவுக்குக் கீழே பதினேழு வீடுகள்.
ஆழம் நூற்றெண்பதைத் தாண்டினால்
எல்லோரையும் எழுப்பவேண்டும்.

கட்டளையை அடித்தாள்.
இடைவெளி. கோடு. சின்ன டி.
விரல் என்டர் மேல் நின்றது.

ஏன் நின்றது என்று பிறகு கேட்டார்கள்.
பெரிய காரணம் ஒன்றும் இல்லை.
முந்தாநாள் பிறந்ததிடம்
போன வருஷத்துத் தாளை வைத்துக்கொண்டு பேசுகிறோமே
என்று தோன்றியதாம், அவ்வளவுதான்.
வரியை அழித்தாள்.
கையேட்டை அந்த இயந்திரத்திடமே கேட்டாள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இது.
ஊருக்கு வரும் கம்பி அறுந்து கிடக்க
வட்டுக்குள் சுருண்டிருந்த பக்கம்
கறுப்புத் திரையில் எழுந்து வருகிறது.
நிரலோடு ஒரே மூட்டையில் வந்தது,
அதே நாள் அதே மணி முத்திரையோடு.
அதைத் தேடி யாரும் எங்கும் போகவேண்டாம்.

அழகான பக்கம் இல்லை.
இரண்டு தலைப்புகளுக்குக் கீழே
‘எழுதவேண்டும்’ என்று மட்டும்.
ஒரு வாக்கியம் பாதியில் நின்று
அடுத்த பத்தியில் வேறு யாருடைய குரலிலோ தொடர்கிறது.
ஆனால் நாலாவது வரி:
‘சின்ன டி பதிவுகளை அழிக்கும். ஒருமுறைகூடக் கேட்காது.
ஆழத்துக்கு இனிமேல் பெரிய டி.’

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி
கொஞ்ச நேரம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சோபாவில் ஹாஃப்லிடியின் குறட்டை
காற்றோடு போட்டி போட்டது.

பெரிய டி.
நூற்று நாற்பத்தாறு.

இன்னும் கீழே உருட்டினாள். பிழைகள் என்றொரு தலைப்பு.
‘எங்கள் ஊரில் பனி பெய்வதில்லை.
மாமாவின் ஐஸ்கிரீம் கடைப் பெட்டிக்குள்
வைத்துத்தான் சோதித்தேன்.
மைனஸ் பதினெட்டுக்குக் கீழே
என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது.
தெரிந்தவர்கள் எழுதுங்கள்.
எவுசேபியா லரோசா, சால்ட்டோ, உருகுவே.’

மேலே, அளவி நிற்கும் இடத்தில்,
மைனஸ் இருபது.

நாலு மணிக்குக் காற்று மூச்சு வாங்கிய இடைவெளியில்
ஹாஃப்லிடி ஒளிவிளக்கைத் திருப்ப
அவள் தொலைநோக்கியில் கம்பத்தின் சிவப்புப் பட்டைகளை எண்ணினாள்.
இரண்டுமுறை எண்ணினாள்.
கம்பம் நூற்றைம்பத்தைந்து என்றது, திரை நூற்றைம்பத்தொன்று.
யாரையும் எழுப்பவேண்டியதில்லை, இப்போதைக்கு.

பிழைகளுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்:
‘மைனஸ் இருபதில் நாலு சென்டிமீட்டர் குறைத்துச் சொல்கிறது.
ஒரே ஒருமுறை பார்த்தது. காற்று இருந்தது.’
அனுப்ப வழியில்லை.
வரிசையில் நிறுத்தி வைத்தாள்.

மறுநாள் மதியம் இணையம் வந்தது.
ஹாஃப்லிடி தாளைக் கிழித்துவிட்டு
புதிதாக ஒன்றை அச்சிடப் போனான்.
எந்த நாளுடையதை, என்று கேட்டாள்.
அவன் அச்சுப்பொறியின் பக்கத்தில்
வெறும் உறையோடு நின்றான்.

மாலைக்குள் பதில் வந்துவிட்டது,
முப்பத்தெட்டு டிகிரி வெயிலிலிருந்து.
நன்றியெல்லாம் கடைசியில்தான்.
முதல் வரியே கேள்வி:
‘காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது?’